மணிக்குப் பத்து நிமிடம்

நெப்ராஸ்காவிலிருந்து பெட்டியில் வந்த கடிகாரம்
மிசாவா வீட்டுச் சுவரில் செருகியதும்
மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது.
கப்பலில் அடிபட்டிருக்கும் என்றேன்.
ரெனாட்டா பதில் சொல்லவில்லை,
பூட்ஸ் கயிற்றைப் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.
இரவுப் பணி.
போர் விமானத்தின் வயிற்றுக்குள் கைவிட்டு
எங்கே கசிகிறதென்று தேடுகிற வேலை அவளுக்கு.
எனக்கு இங்கே வேலையில்லை.
ராணுவம் தந்த அடையாள அட்டையில்
என் பெயருக்குக் கீழே ஒரே சொல்:
சார்ந்திருப்பவர்.

ஊரில் நான்கு வழிச் சாலைக்குத் தார் போட்டவன் நான்.
இப்போது குப்பை பிரிக்கிறேன்.
எரிவது செவ்வாயும் வெள்ளியும்.
புட்டி, இரண்டாம் புதன்.
புட்டியின் மூடி?
அதற்கொரு நாள் உண்டு, எந்த நாள் என்றுதான் தெரியவில்லை.
தெருவின் பைகளெல்லாம் லாரியேறிப் போன பிறகு
என்னுடையது மட்டும் கம்பிக் கூண்டில் உட்கார்ந்திருந்தது
நெற்றியில் சிவப்புச் சீட்டோடு.
எழுத்துப் புரியவில்லை. திட்டு புரிந்தது.
இருட்டும்வரை காத்திருந்து தூக்கி வந்தேன்,
சொந்தக் குப்பையைத் திருடுகிறவன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஓகியாமா அம்மாள்
கையுறையோடு வந்து
வாசல் பனிமேல் செய்தித்தாள் விரித்து
பையைக் கவிழ்த்தாள்.
ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி ஏதோ சொன்னாள்,
எனக்கு விளங்காதென்று தெரிந்தே சொன்னாள்.
என் தூக்க மாத்திரை அட்டையை மட்டும்
எதுவும் சொல்லாமல் மடித்து ஓரமாக வைத்தாள்.

அப்போது விமானம் வந்தது.
அவள் வாக்கியத்தின் நடுவில் நின்றாள்.
வானத்தைப் பார்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை.
இரைச்சல் கூரைகளைத் தாண்டிக் கடல்பக்கம் போனதும்
அறுந்த அசையிலிருந்து அப்படியே தொடர்ந்தாள்.
முறைத்திருக்கலாம் என்று பட்டது.
முறைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.
அந்த இரைச்சலைப் பழுதுபார்த்து அனுப்பியவள்
உள்ளே திரையை மூடிக்கொண்டு தூங்குகிறாள்.

தளத்துப் பழம்பொருள் கடையில்
ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கடிகாரங்கள். விலையில்லை.
ஒன்றுகூடப் பழுதில்லை என்றான் மேசையிலிருந்த பையன்.
நம் ஊர் மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கும்,
இந்தப் பக்கத்தில் ஐம்பதுதான்.
அறுபது எண்ணினால்தான் ஒரு நொடி என்று
இதுகள் பிடிவாதமாக இருக்கின்றன, அவ்வளவுதான்.
உங்களுடையதையும் போட்டுவிட்டுப் போங்கள்.

போடவில்லை.
அடுப்புக்கு மேலே கிடக்கிறது.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
மூன்று நாளுக்கு ஒருமுறை அது சரியான நேரத்தைக் கடந்து போகும்.
ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தேன்:
அதிகாலை நாலு நாற்பது,
எரிபொருள் வாடையோடு அவள் உள்ளே வருகிறாள்,
அவள் மணிக்கட்டிலும் நாலு நாற்பது.
ரெனாட்டா, இங்கே பார், என்று கத்தினேன்.
இரண்டு பூட்ஸையும் கழற்றிக்
கை கழுவிக்கொண்டு வருவதற்குள்
ஒரு நிமிடம் நழுவிவிட்டது.
நல்ல கடிகாரம்தான், என்றாள் கொட்டாவியோடு.

ஜனவரி. மண்ணெண்ணெய் வண்டி
பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய் வருகிறது.
என் வாசல் பனியை அவள் வேலியோரம் தள்ளினேன்.
அவள் அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.
பிறகு இருவருமாக வாய்க்காலுக்குத் தள்ளினோம்.
அன்று சாயங்காலம் ஒரு பை பூண்டு கிடைத்தது.

அக்கா லொரீனிடம் தொலைபேசியில்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் கனம்,
ஒரு தலைக்கு
நிறுத்தினேன்.

வெண்டல்? லைனில் இருக்கிறாயா?
அங்கே அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.
எனக்கே இன்னும் கேட்கவில்லை,
சன்னல் கண்ணாடியில் ஒரு மெல்லிய நடுக்கம் மட்டும்.
வெண்டல்?
பிறகு அது வந்தது, எங்கள் கூரைமேல் முழுதாக,
போனது.

ஆறே பல், என்றேன்.